தண்ணீர் நண்டு சதை பிடிக்க என்ன தீனி?

உப்பங்கழிகளில் பிடிபடும் பச்சை நண்டு, ஓடு கழற்றிய புதிதில் கையில் கனமாகத் தெரிந்தாலும் உள்ளே சதை இராது, தண்ணீர்தான் நிறைந்திருக்கும். காலின் ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கும். இந்தத் 'தண்ணீர் நண்டு'க்கு வியாபாரிகள் நல்ல விலை கொடுப்பதில்லை. இதையே வாங்கி உவர்நீர்க் குட்டையில் விட்டு, மூன்று நான்கு வாரம் முறையாகத் தீனி கொடுத்தால் சதை பிடித்து ஓடும் கெட்டிப்படும். உயிருடன் ஏற்றுமதி செய்யும் தரத்துக்கு வந்துவிடும்.

நண்டு மாமிசப் பிரியன். காரப்பொடி போன்ற மலிவான மீன்கள், மட்டிச் சதை, கோழிக் குடல் ஆகியவற்றை விரும்பித் தின்னும். மட்டி கிடைக்கும் ஊர்களில் அதையும் மீனையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது. தினசரி அளவு, நண்டுகளின் மொத்த எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு. அரைக் கிலோ நண்டு 100 விட்டிருந்தால் மொத்தம் 50 கிலோ. இரண்டரைக் கிலோவில் தொடங்கி, தின்பதைப் பார்த்து 5 கிலோ வரை கூட்டலாம். நண்டு இரவில் நடமாடும் பிராணி என்பதால் பெரும்பங்கை மாலையில் போட வேண்டும். தட்டுகளில் வைத்துக் கொடுத்தால் மறுநாள் காலை மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மிச்சத்தை உடனே அள்ளி, அன்றைய தீனியைக் குறைக்க வேண்டும். கிடந்து அழுகினால் அம்மோனியா பெருகித் தண்ணீர் கெடும்.

அழுகிய மீன் கூடாது. இறால் பண்ணைகளில் நோய் கண்டு செத்த இறால் சும்மா கிடைக்கிறதே என்று சிலர் வாங்கிப் போடுகிறார்கள். இது பெரும் தவறு. வெண்புள்ளி நோய்க் கிருமி நண்டின் உடலிலும் தங்கும். நண்டு சாகாவிட்டாலும், குட்டைத் தண்ணீர் வழியாகப் பக்கத்து இறால் பண்ணைக்கு நோய் போய்ச் சேரும். கோழிக் குடலையும் அன்றன்று வெட்டியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

தீனியைக் குறைத்துச் சிக்கனம் பிடிக்க நினைத்தால் நஷ்டம்தான். பசித்த நண்டு பக்கத்து நண்டைத் தின்னும். ஓடு மெத்தென்று இருப்பதுதான் முதலில் பலியாகும். ஒரே அளவு நண்டுகளாகப் பொறுக்கி, சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் விட்டு, ஒளிந்துகொள்ள உடைந்த ஓடு, குழாய்த் துண்டுகளைப் போட்டு வைக்கலாம். தனித்தனிக் கூண்டில் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, செலவுதான் கூடுதல்.

மூன்றாவது வாரம் முதல் நாலைந்து நண்டுகளைப் பிடித்துக் கால் ஓட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்காதவற்றை உடனே கொடுக்குகளைக் கட்டி விற்றுவிடலாம்.