விடுவதற்கும் ஒரு காலம் உண்டு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் வாழும் விவசாயக் குடும்பங்களோடு பேசும்போது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: "இவ்வளவு காசைப் போட்டிட்டம், இனி எப்படி விடுறது?" அது குத்தகைக் காணியில் வெங்காயத்துக்குப் போட்ட காசாக இருக்கலாம், நகையை அடகு வைத்து இங்கே தொடங்கிய சிறு கடையாகவும் இருக்கலாம். தொடங்கியதை இடையில் விடுவது தோல்வி என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மலைநாட்டுக் கோப்பியின் கதை வேறு விதமாகச் சொல்கிறது.

தேயிலைக்குப் பெயர்போன இலங்கை, 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கே பெயர்போனது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சண நோய். இலை உதிரும், ஆனால் மரம் உடனே சாகாது. மீண்டும் துளிர்க்கும், காய் மட்டும் வரவரக் குறையும். இந்தத் துளிர்தான் ஆட்களை ஏமாற்றியது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் தொடக்கத்திலேயே எச்சரித்தார். செவிமடுத்தவர்கள் குறைவு. ஏனெனில் 1870களில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்தபோதும் காசு புழங்கியது. துரைமார் கடன்பட்டு, மஸ்கெலியாப் பக்கத்துக் காடுகளை வெட்டி மேலும் கோப்பியையே நட்டார்கள். நோயைக் கண்ட பின்னர் நட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்!

1880இல் வந்து ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோய் காற்றில் பரவுவதைக் காட்டினார். மருந்து அவரிடமும் இருக்கவில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தமிழகத்திலிருந்து வந்து உழைத்தவர்கள் சம்பளமில்லாமல் தவித்தார்கள். பிடிவாதம் ஒருவருடையது, பட்டினி இன்னொருவருடையது.

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். அதாவது கோப்பி நன்றாக இலாபம் தந்த காலத்தில். கோப்பியை விடும் நேரம் வந்தபோது கால் வைக்க இன்னொரு படி இருந்தது. பலர் முதலில் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். எல்லோரும் நட்டதால் பட்டையின் விலை சரிந்தது, அதையும் விட்டார்கள். 1883இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. நூற்றாண்டு முடியும்போது தேயிலை 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கைவிட்டது பயிரைத்தான், காணியை அல்ல.

துரைமாருக்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. நமக்கு அப்படி இல்லை. ஆகவே நாம் இன்னும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கவேண்டும். இதுவரை செலவழித்ததை ஒரு தாளில் எழுதிக் குறுக்கே கோடு போடுங்கள். தொடர்ந்தாலும் விட்டாலும் அந்தக் காசு செலவானதே. இனி எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்பதே கேள்வி. ஓர் உதாரணம்: வெங்காயத்துக்கு ஏற்கெனவே 60,000 ரூபா போட்டாயிற்று. நோய் பிடித்துவிட்டது. இனி மருந்துக்கும் கூலிக்கும் 20,000 ரூபா வேண்டும். விற்றால் 15,000 ரூபாதான் வருமென்றால் விட்டுவிடுங்கள். 35,000 ரூபா வருமென்றால், மொத்தத்தில் நட்டமானாலும் தொடருங்கள். நட்டம் 60,000 ரூபாவிலிருந்து 45,000 ரூபாவாகக் குறையும்.

இந்தக் கணக்கைத் தனியே இருந்து போடுவது கடினம். காசு போட்டவருக்கு விட மனம் வராது. எத்தனை மாதத்தில் கடை தன் வாடகையையாவது உழைக்காவிட்டால் மூடுவது என்பதை, தொடங்கும் நாளிலேயே வீட்டில் எல்லோருமாகப் பேசி எழுதிவையுங்கள். யாருடைய நகை அடகில் இருக்கிறதோ, அவரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.