மணலின் சூடு முடிவு செய்வது

மார்கழி முடிந்து தை பிறக்கும் நாள்களில் நம் கரைக்கு விருந்தாளிகள் வருகின்றன. நம் மீனவ மக்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடல் ஆமைகளே அவை. சனவரி முதல் மார்ச் வரை, இரவு நேரத்தில் தாய் ஆமை கரையேறி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்குமேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. மறுபடி வந்து பார்ப்பதில்லை. அடைகாக்கும் வேலை முழுவதும் மணலுடையது.

ஒரே விதை, நான்கு நிலங்கள் என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். ஆமை முட்டையின் காரியத்தில் நிலம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குஞ்சு வளருமா என்பதை மட்டுமல்ல, ஆணாக வளருமா, பெண்ணாக வளருமா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

மனிதரில் இது கருவுறும்போதே, தந்தையிடமிருந்து வரும் குரோமோசோமால் முடிவாகிவிடும். (பெண் பிள்ளை பிறந்ததற்கு மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்கள் இதைக் காதில் வாங்கிக்கொண்டால் நல்லது.) கடல் ஆமைக்கு அப்படிப்பட்ட குரோமோசோம் இல்லை. முட்டை மணலுக்குள் இருக்கும் 45 முதல் 60 நாள்களில், நடுப்பகுதியில் இருக்கும் சூடுதான் கணக்கு. ஏறக்குறைய 29 அல்லது 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போனால் ஆண்கள் மிகுதி. மேலே போனால் பெண்கள் மிகுதி. 35 டிகிரியை நெருங்கி அப்படியே நீடித்தால் கரு முட்டைக்குள்ளேயே வெந்துவிடும்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். வெப்பம் மிகுந்த வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் ஆமைகளில் 100-க்கு 99 பெண்கள். சற்றே குளிர்ந்த தென்பகுதிக் கரைகளில் பிறந்தவற்றில் 100-க்கு 65 முதல் 69 வரைதான் பெண்கள். ஒரே இனம், மணல்தான் வேறு. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால் இனம் நாளைக்கே அழிந்துவிடாது. ஆனால் பங்குனி ஆமை பருவமடையவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இந்தக் கோடையில் மணல் செய்த வேலை, இன்று திருமுழுக்குப் பெறும் குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போகும்போதுதான் நம் கண்ணில் படும்.

உலகம் சூடாவதை நம் பங்கு ஒன்றே நிறுத்த முடியாது. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டைச் சமன்செய்து வண்டி நிறுத்தாமல் இருக்க முடியும். விளக்கும் நம் கையில் இருக்கிறது. குஞ்சுகள் மேல்மணல் குளிர்ந்தபின், பெரும்பாலும் இரவில், வெளியே வந்து, வெளிச்சமான அடிவானம் எதுவோ அதை நோக்கி ஓடும். விளக்கில்லாத கரையில் அது கடல். இன்றோ அது சாலையாகவோ நம் கோயில் கோபுரமாகவோ இருக்கிறது. பொழுது விடிந்தபின் நாய்க்கும் காகத்திற்கும் இரையாகின்றன.

குஞ்சுகள் வெளிவரும் காலமும் நம் தவக்கால, பாஸ்கா நாள்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே இவ்வாண்டு பாஸ்கா திருவிழிப்பு முடிந்ததும், கடலைப் பார்த்த சீரியல் விளக்குகளை அணைத்துவிடுவோம். பெண்கள் நடந்து வீடு திரும்பும் தெருவை இருட்டாக்கச் சொல்லவில்லை. அங்கே விளக்குக்கு மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பினால் போதும்.

சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு நம் இளைஞர் சிலர் தாங்களே தோண்டப் புறப்பட்டிருக்கிறார்கள். வேண்டாம். இட்ட சில மணி நேரத்திற்குப்பின் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது முட்டையைப் புரட்டினாலே அது இறந்துவிடும். ஆமைத் தடம் கண்டால் அந்த இரவே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாயை விரட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.