பிள்ளைகளின் பழக்கமும் பெற்றோரின் மௌனமும்

நம் வீடுகளில் 'டேட்டிங்' என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு நின்றுவிடும். தகப்பனார் அதட்டுவார்; தாயார் அடுப்படிக்குப் போய்விடுவார். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் பழகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர் அடியும் மிரட்டலும் வாங்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

காதலிப்பவர்கள் சண்டை பிடிப்பது இயல்பு. அவள் கோபிப்பாள், அவன் மறுப்பான், இரண்டு நாள் பேசாமலிருந்து பிறகு சேர்ந்துகொள்வார்கள். கொடுமை நடக்குமிடத்தில் ஒருவர் குரல் மட்டுமே கேட்கும். மற்றவர், எதைச் சொன்னால் என்ன நடக்குமோ என்று சொல்லை எண்ணி எண்ணிப் பேசுவார். கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்பது, நிற்கிற இடத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது, தோழிகளை ஒவ்வொருவராக விலக்குவது எல்லாம் முதல் அடி விழுமுன்பே வந்துவிடும். அங்கே போய், "இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரியவர்கள் புத்தி சொல்வதால் பயனில்லை. அவள் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் மறுநாள் அவளுக்கு எதிராகவே திரும்பும். (ஆண்பிள்ளைகளும் இதற்கு ஆளாவதுண்டு. வெட்கத்தால் அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது.)

"என்னை விட்டுப் போனால் உன் அப்பாவுக்குப் படங்களை அனுப்புவேன்." நம் பிள்ளைகளைக் கட்டிப்போட இந்த ஒரு வசனம் போதும். அந்த ஆயுதத்தை அவன் கையிற் கொடுத்தவர்கள் நாமே என்பது என் எண்ணம். ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவது கனடாவில் 2015 முதல் குற்றம். பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 1993 முதல் குற்றம். தகப்பனின் கோபத்துக்கு அஞ்சும் பெண் இந்தச் சட்டங்களை நாடப் போவதில்லை.

விட்டு விலகும் காலமே மிக ஆபத்தானது. இத்தகைய மரணங்களை ஆராய ஒன்ராறியோவில் 2003இல் அமைக்கப்பட்ட குழு, பிரிவை முக்கிய அபாய அறிகுறிகளில் ஒன்றாகத் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் குறித்திருக்கிறது. 2015 செப்டெம்பர் 22ஆம் திகதி ரென்ஃப்ரூ மாவட்டத்தில் ஒருவன் ஒரே காலையில் மூன்று பெண்களைக் கொன்றான். மூவரும் அவனோடு முன்பு பழகியவர்கள். அவர்களில் ஒருவரை நெருங்கக்கூடாதென்ற நன்னடத்தை உத்தரவில் அவன் ஒப்பமிடவே மறுத்திருந்தான். ஆனாலும் வெளியே நடமாடினான். 2022இல் நடந்த மரண விசாரணையில் ஜூரிகள் 86 பரிந்துரைகளைச் செய்தார்கள். மறு ஆண்டு ரொறொன்ரோ நகரசபை இவ்வன்முறையை ஒரு கொள்ளைநோய் என்றே பிரகடனஞ் செய்தது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோ குடும்பச் சட்டத்தின்படி தடையுத்தரவு கேட்பதற்கு, மணமாகியோ ஒரே வீட்டில் வாழ்ந்தோ இருக்க வேண்டும். தத்தம் வீட்டிலிருந்து பழகியவர்கள் குற்றவியற் சட்டத்தின் 810ஆம் பிரிவின் கீழ் சமாதானப் பிணைதான் கேட்கலாம்.

காதலை மறைத்து வைப்பது தமிழருக்குப் புதிதன்று. களவு என்று இலக்கணமே வகுத்தவர்கள் நாம். ஆனால் அந்த மறைவு வெளிவர ஒரு வழியும் வைத்திருந்தார்கள். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி தாயிடம், தாய் தந்தையிடம். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். ரொறொன்ரோவில் நம் பெண்ணுக்குத் தோழி இருக்கிறாள். செவிலியைத்தான் காணோம். ஒரு சித்தியோ மாமியோ அந்த இடத்துக்கு வரவேண்டும்: ஏசாமல் கேட்பவளாக, கேட்டதை அடுத்த கலியாணவீட்டில் அவிழ்த்து விடாதவளாக.

வீட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு, தாக்கப்பட்ட பெண்களுக்கான உதவித் தொலைபேசி 416-863-0511 இரவு பகலாக இயங்குகிறது; மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பர். சிறுவர்களும் இளைஞர்களும் 1-800-668-6868 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தன் கைத்தொலைபேசியை அவன் பார்ப்பதாகச் சந்தேகமிருந்தால், வேறொருவரின் தொலைபேசியிலிருந்து அழைப்பது நல்லது.