பழைய வண்டி வியாபாரத்துக்கும் அத்தாட்சி!

பிழைப்புத் தேடிப் பெங்களூரு வந்த தமிழர்களில் வண்டித் தொழிலில் காலூன்றியவர்கள் பலர் உண்டு. மெக்கானிக்காகத் தொடங்கி, நாலு ஸ்கூட்டரை வாங்கி விற்று, பிறகு சாலையோரத்தில் சிறு கடை போட்டவர்கள் அவர்கள். "அண்ணன் கொடுத்த வண்டியா? நம்பி வாங்கலாம்" என்ற பெயர்தான் அவர்களின் மூலதனம்.

ஆனால் நல்ல பெயர் மட்டும் இருந்தால் போதாது, அரசின் அத்தாட்சியும் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஏற்கெனவே பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரி, மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். மத்திய விதி என்பதால் இது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

இதுவரை நடந்து வந்த வழக்கம் எல்லோரும் அறிந்ததே. வண்டியை விற்பவர் 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் வியாபாரியிடம் கொடுத்து விடுவார். வாங்கும் ஆள் கிடைத்த பிறகுதான் பெயர் எழுதப்படும். தன் பெயருக்கு மாற்றினால் செலவு. புத்தகத்தில் ஒரு உரிமையாளர் கூடினால் வண்டியின் விலையும் குறையும். ஆகவே வியாபாரி தன் பெயரை எங்கும் காட்டுவதில்லை.

விற்பவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அதைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே.

இதில் என்ன ஆபத்து? 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கை மாறியது. 2009-ல் அது மோதி ஒரு உயிர் போயிற்று. ஆர்.சி.யில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் தீர்ப்பாயிற்று.

அத்தாட்சி என்ன செய்கிறது?

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே புதிய விதியின் நோக்கம். வியாபாரி 29-ஏ படிவத்தில் விண்ணப்பித்து 29-பி படிவத்தில் அங்கீகாரச் சான்று பெறுகிறார். ஐந்து ஆண்டுகளுக்கு அது செல்லும். பிறகு வரும் ஒவ்வொரு வண்டிக்கும், உரிமையாளர் அதை ஒப்படைத்த விவரத்தை 29-சி படிவத்தில் இணையதளம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அது முதல் வியாபாரியே அந்த வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். பொறுப்பும் அவருடையதே.

பொறுப்போடு வசதியும் உண்டு. ஆர்.சி. புதுப்பிப்பு, தகுதிச் சான்று, பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். ஆனால் வண்டியை இஷ்டம்போல் ஓட்ட முடியாது. வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்ட, பழுது பார்க்க, பெயின்ட் அடிக்க என்று சில காரியங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். ஓட்டியவர் யார், எதற்கு, எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் மின்னணுப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

புது வண்டி விற்போருக்கு உள்ள 'டிரேட் சர்டிபிகேட்' வேறு. அது இன்னும் பதிவாகாத வண்டிகளுக்கானது. முன்பு ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருந்த அந்தச் சான்று, 2022-ல் வந்த மற்றொரு திருத்தத்தால் ஐந்து ஆண்டுச் சான்றாகிவிட்டது.

ஓசூர் வண்டி

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டியை மலிவாக வாங்கிப் பெங்களூரில் விற்க நினைப்போர், தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகத்திடமிருந்து 28-ம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வண்டியின் மீது கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கையெழுத்திட்ட 35-ம் எண் படிவமும் வேண்டும். கர்நாடகத்தில் கட்ட வேண்டிய வாகன வரியையும் கணக்கில் சேர்க்காவிட்டால், மலிவு மலிவாக இராது.

சிறு வியாபாரியின் சங்கடம்

மாதம் மூன்று வண்டி விற்பவருக்கு இதெல்லாம் பாரம்தான். கடைக்கான மாநகராட்சி உரிமம், அங்கீகாரக் கட்டணம், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் என்று செலவு ஏறுகிறது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவராயின், 2025 ஜனவரி முதல் பழைய வண்டியில் கிடைக்கும் லாபத்தின் மீது 18 சதவீத வரி. முன்பு சிறிய கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அது 12 சதவீதமாக இருந்தது.

ஆனாலும் இன்னொன்றையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தெரியாமல் வாங்கிய ஒரே ஒரு திருட்டு வண்டி, பல ஆண்டு உழைப்பில் வந்த பெயரை ஒரே நாளில் அழித்துவிடும். யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்ற பதிவு இருந்தால் போலீசார் முன் எடுத்துக்காட்ட ஓர் ஆதாரம் உண்டு. வாய் வார்த்தைக்கு அந்த மதிப்பு கிடையாது.

வண்டி விற்பவர்களும் யோசிக்க வேண்டும். ரயிலில் ஒரு மூட்டை அனுப்பினாலும் ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துகிறோம். அரை லட்ச ரூபாய் ஸ்கூட்டரை மட்டும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்! "அங்கீகாரச் சான்று இருக்கிறதா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. நேர்மையான வியாபாரி அதற்காகக் கோபிக்க மாட்டார்.