உங்களுக்குத் தெரியுமா? முதல்வர் நாற்காலியில் பெண்கள்

ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஏரியைத்தான் முதலில் தேடுவார்கள். அரசியலிலும் ஏற்காட்டுக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். 2013 டிசம்பர் 4 அன்று ஏற்காட்டில் நடந்த இடைத்தேர்தலில்தான் 'நோட்டா' தமிழ்நாட்டுக்கு அறிமுகமானது. முதல்வர் ஜெயலலிதா நேரில் வந்து ஓட்டுக் கேட்டார். வென்றவரும் ஒரு பெண், அ.தி.மு.க.வின் சரோஜா.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 'தொட்டில் குழந்தைத் திட்டம்' 1992-இல் தொடங்கியதும் ஏற்காடு இருக்கும் நம் சேலம் மாவட்டத்தில்தான். வளர்க்க முடியாத பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், அரசுத் தொட்டிலில் விடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்றது ஜெயலலிதா அரசு. பிள்ளையைக் கைவிடப் பழக்குகிற திட்டம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. பிழைத்து வளர்ந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தால் அந்த வாதம் எனக்கு எடுபடவில்லை.

தென்னிந்தியாவின் முதல் பெண் முதல்வர் ஜெயலலிதா அல்ல, வி.என். ஜானகி. எம்.ஜி.ஆர். மறைந்த இரண்டே வாரத்தில், 1988 ஜனவரி 7 அன்று பதவியேற்றார். அப்போது அவர் எம்.எல்.ஏ.கூட இல்லை. அவையில் இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்க அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் அவைக்குள் அடிதடி, போலீஸ் தடியடி. 30-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. 24 நாள் முதல்வர் என்று அவரைச் சுருக்கிச் சொல்வது நியாயமில்லை. கணவரை இழந்த துக்கம் ஆறுவதற்குள் உடைந்துகொண்டிருந்த கட்சி அவர் தோளில் வந்து விழுந்தது.

2001 மே 14 அன்று ஜெயலலிதாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்த ஆளுநரும் பெண்தான்: உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி. தேர்தலில் நிற்கவே தகுதியிழந்தவர் முதல்வராக முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21-இல் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

இந்தியாவின் முதல் பெண் முதல்வர் சுசேதா கிருபளானி (உத்தரப் பிரதேசம், 1963). முதல் பெண் ஆளுநர் சரோஜினி நாயுடு பதவி வகித்ததும் அதே மாநிலத்தில்.

தலித் பெண் ஒருவர் முதல்வரானது 1995-இல்: மாயாவதி. டெல்லியில் ஷீலா தீட்சித் 15 ஆண்டு ஆண்டார்.

இலங்கையில் சந்திரிகா குமாரதுங்க அதிபராவதற்கு முன் 1993-இல் மேல் மாகாண முதலமைச்சர். மாகாணத்திலிருந்து நாட்டின் உச்சிக்கு ஒன்றரை ஆண்டுதான்.

கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா நான்கிலும் 2025 முடியும்வரை ஒரு பெண்கூட முதல்வரானதில்லை. கேரளத்தை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. 1957-இல் முதல் அமைச்சரவையிலேயே வருவாய்த் துறையை ஏற்று நிலச்சீர்திருத்தத்துக்கு வழிசெய்தவர் கே.ஆர். கௌரி. 1987 தேர்தலில் இடதுசாரிகள் வென்றால் அவர்தான் முதல்வர் என்பதே ஊரெல்லாம் பேச்சு. வென்றார்கள், முதல்வரானவர் இ.கே. நாயனார்.