பழைய காரை தாழ்த்தப் போறீங்களா? ஸ்பிரிங்கை வெட்டினால் உயிருக்கே ஆபத்து!

சென்னை,

பழைய மாருதி காரை சல்லிசா வாங்கி, தரையோடு தரையா தாழ்த்தி ஓட்ட வேண்டும் என்பது இளவட்டங்கள் பலரின் ஆசை. பார்க்க 'கெத்தா'த்தான் இருக்கும். ஆனால் வண்டியை எப்படி தாழ்த்துகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றை அறுத்து விடுகிறார்கள். அங்கேதான் வினையே ஆரம்பிக்கிறது. அறுத்த ஸ்பிரிங் விறைத்துப் போகும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது, இருக்கையை விட்டு நழுவவும் வாய்ப்பு உண்டு. அந்த நேரம் வண்டி வேகமாகப் போனால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

காயில்ஓவர் என்பது என்ன?

ஷாக் அப்சார்பர் மேலேயே காயில் ஸ்பிரிங்கை கோர்த்த ஒரே செட்தான் 'காயில்ஓவர்'. வெளிக்குழாயில் மரை போட்டிருக்கும். அதில் உள்ள வளையத்தை திருகினால் வண்டி ஏறும், இறங்கும். இன்னொரு வளையம் அதை லாக் செய்யும். ஸ்பிரிங்கை அறுக்கும் வேலையே இல்லை.

எல்லா வண்டிக்கும் செட் ஆகுமா?

ஆகாது. மாருதி 800-ல் முன்பக்கம் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருப்பதால், அளவு சரியாக இருந்தால் மாட்டலாம். அம்பாசிடரில் முன்பக்கம் முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பியட் பத்மினியில் பின்பக்கம் பட்டைதான். "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று சொல்லி விற்றால் உஷார்!

மாட்டும் முன் பார்க்க வேண்டியது

* பானெட்டைத் திறந்து, ஸ்பிரிங் போய் முட்டும் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துரு இருந்தால் முதலில் டிங்கரிங், அப்புறம்தான் காயில்ஓவர்.

* பழைய ரப்பர் புஷ், மேல் மவுண்டை கையோடு மாற்றிவிட வேண்டும்.

* அமுக்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாத ஷெட்டில் வேலையை விடக்கூடாது.

* முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டால் டயரின் உள்பக்கம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். பிரேக் ஹோஸ் உரசுதா, ஹெட்லைட் சாய்ந்திருக்கா என்றும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தாழ்த்தலாம்?

மாருதி 800-க்கு தரையிலிருந்து இடைவெளி 170 மி.மீ. 2 அங்குலம் இறக்கினால் மிச்சம் 120 மி.மீ. விதிப்படி போடும் வேகத்தடையே 100 மி.மீ. உயரம். 4 பேர் ஏறினால் அடி தட்டாமல் என்ன செய்யும்?

ஆர்.டி.ஓ.விடம் சிக்கினால்...

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம். 15 வருஷம் ஆன கார் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே மாட்டினால் போட்ட காசு அவ்வளவுதான். அதனால் முன்கூட்டியே அங்கே விசாரிப்பதும், கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரை காயலான் கடையில் போடாமல் பத்திரப்படுத்துவதும் நல்லது.

தாழ்த்திய காரை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்பிரிங்கை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நுனியில் அறுத்த தடம் தெரிந்தால், அந்த வண்டி வேண்டவே வேண்டாம்!