கிணற்றடிக்கு வராத கருவி

1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பால்குடிக் குழந்தைகள் சிலருக்கு உடல் நீலம் பாரித்தது. பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால்தான் காரணம் என்று அங்குள்ள மருத்துவர் ஒருவர் எழுதினார். நீரிலிருந்த நைட்ரேட் குழந்தையின் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீரிலேயே இருக்கும் நைட்ரைட் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இன்றைய உலகப் பரிந்துரை.

அளப்பதில்தான் சிக்கல். பாட்டிலில் பிடித்த நீரிலும் பாக்டீரியா வேலை செய்துகொண்டே இருக்கும். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் நைட்ரைட் அளவு மாறிவிடலாம். கிணற்றடியிலேயே அளப்பதுதான் சரி. நீரில் நனைத்தால் நிறம் மாறும் சாயப் பட்டை போதுமே என்பவர்கள் உண்டு. அது தோராயம்தான் சொல்லும், கலங்கல் நீரில் அதுவும் தடுமாறும்.

இந்த இடத்தில்தான் பாலிமர் பூசிய மின்முனை வருகிறது. வெறும் கரிமுனையில் நைட்ரைட்டை ஆக்சிஜனேற்றி, எழும் மின்னோட்டத்தால் அதை அளக்க 1 வோல்ட்டை நெருங்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தத்தில் நீரிலுள்ள வேறு பொருள்களும் சேர்ந்து மின்னோட்டம் தந்து கணக்கைக் குழப்பும். இதைத் தவிர்க்கத்தான், மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கி, முனையின் மேலேயே மெல்லிய பாலிமர் படலத்தை வளர்க்கிறார்கள். நேர்மின்சுமை கொண்ட படலம் எதிர்மின்சுமையுள்ள நைட்ரைட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. தேவைப்படும் மின்னழுத்தம் குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. அழகான வேதியியல் இது.

ஆனால் எனக்கு உறுத்துவது ஒன்று. விலை மலிவு என்று பலரும் விரும்பும் பாலி அனிலின், அமிலத்தில்தான் நன்றாக மின்சாரம் கடத்தும். pH 4ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். கிணற்று நீரோ பெரும்பாலும் 7ஐ ஒட்டியது. ஆய்வுத்தாள்களில் ‘உண்மை மாதிரி’ என்று வருவதைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் குழாய்நீரை, pH அளவை நிலைநிறுத்தும் தாங்கல் கரைசலில் கலந்து, நைட்ரைட்டை அவர்களே சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைத்தது என்கிறார்கள். இலைச்சருகு ஊறிய நீரின் கரிமப் பிசுக்கு அந்தப் படலத்தில் படிந்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் கழித்து அதே முனை அதே அளவைக் காட்டுமா? நானோமோலார் வரை அளந்தோம் என்று போட்டி போடுகிறார்கள். 3 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 65 மைக்ரோமோலார். அவ்வளவு நுட்பம் குடிநீருக்குத் தேவையே இல்லை. உழைத்துத் தேயாத படலம்தான் தேவை. நடுநிலை நீரிலும் கடத்தும் பெடாட் (PEDOT) போன்ற பாலிமர்களை எடுத்து, கலங்கல் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, தேய்மானத்தையும் சேர்த்து வெளியிடட்டும்.